அடி எடுத்துக் கொடுப்பவன்

ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் நான்கு பேர் முன்னால் நிற்கிற ஆளாகவே இருக்க ஆசைப்படுவார்கள். ஓசூரில் எங்கள் குழுவிலும் அதுதான் நடந்தது. டூல்ரூமில் வேலை பார்த்த அண்ணன் வாள் பிடிக்கும் ஃபைட்டரை எடுத்துக்கொண்டார். தர ஆய்வுப் பிரிவில் இருந்த அக்கா பூட்டைத் திறக்கும், பதுங்கிப் பாயும் ரோக்கைக் கேட்டு வாங்கினார். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஆனேக்கல்லிலிருந்து அத்திப்பள்ளி வழியாக எல்லை தாண்டி வரும் கன்னடத் தம்பி மந்திரம் போடும் விசார்ட். பிரஸ் ஷாப் நண்பர் கிளெரிக், அதாவது தெய்வத்தின் பெயரால் காயம் ஆற்றுபவர். மிஞ்சியது பார்ட். பாட்டுக்காரன்.

“சண்டையில நீ என்ன பண்ணுவே? பக்கத்துல நின்னு பாட்டுப் பாடுவியா?” என்று டூல்ரூம் அண்ணன் கேட்டார்.

ஆமாம் என்றேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்தார்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. பலகை கிடையாது, காய் நகர்த்துவதும் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்லியாக உட்கார்ந்து உலகத்தை விவரிப்பார். அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, டிஎம் மனதில் வைத்திருக்கும் எண்ணைத் தொட்டால் காரியம் நடந்தது.

எங்கள் டிஎம் எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற மென்பொருள்காரர். வீட்டு வாடகைக்காக ஓசூரில் குடியிருந்தார். புத்தகமும் பகடைகளும் அவர் கொண்டுவந்தவை. ஹட்கோ பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். முதல் நாள் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காலையில் தூங்கி எழுந்து வருவதற்கு மத்தியானம் ஆகிவிடும். மார்கழிக் குளிரில் மாலை ஐந்துக்கே ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். அந்தக் கண்ணாடி வழியாக சந்திரசூடேஸ்வரர் மலை தெரியும். மேசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். ஓசூரில் எந்த டீக்கடையிலும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அந்த ஆட்டத்தில் பார்ட் முதலிலிருந்தே இருந்தவன் அல்ல. 1976-இல், ஆட்டத்தை வெளியிட்டவர்களே நடத்திய ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூ’ என்ற சிற்றிதழில் டக் ஷ்வெக்மன் என்பவர் எழுதிச் சேர்த்தார். வடபுல ஸ்கால்டு, கெல்ட்டியரின் பார்ட், தென் ஐரோப்பிய மின்ஸ்ட்ரல் என்ற மூன்று வகைப் பாடகர்களைக் கலந்து செய்த பாத்திரம் அது. 1978-இல் வந்த விதிப்புத்தகத்தில் பார்ட் பின்னிணைப்பில்தான் இருந்தான். முதலில் போர்வீரனாகி, பிறகு திருடனாகி, அதற்கப்புறம்தான் பாட்டுக்காரன் ஆக முடியும். நம் பாணரையும் பொருநரையும் துடியரையும் அந்த மூவரோடு யாராவது சேர்த்திருந்தால் பாத்திரம் இன்னும் செழித்திருக்கும் என்பது என் எண்ணம். போர்க்களத்துக்கும் பாட்டுக்கும் அவ்வளவு நெருக்கமான உறவை எழுதிவைத்த இலக்கியம் நம்முடையது. என் பாத்திரத்துக்குத் துடியன் என்று பெயர் வைத்தேன். வாத்தியம் முகவீணை. புத்தகத்தில் அப்படியொரு வாத்தியம் இல்லை, டிஎம் மறுக்கவில்லை.

நாங்கள் ஆடியது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் பார்ட்டின் முதல் வலிமை மிக எளிமையானது. தன் முறை வரும்போது, அறுபது அடிக்குள் நிற்கிற, தன் குரலைக் கேட்கக்கூடிய ஒருவருக்கு அவன் ஆறுமுகப் பகடை ஒன்றைக் கொடுக்கலாம். அடுத்த பத்து நிமிடத்துக்குள் அவர் வாளை வீசும்போதோ, சுவர் ஏறும்போதோ, விஷத்தைத் தாங்கிக்கொள்ளும்போதோ அந்தப் பகடையையும் உருட்டித் தன் எண்ணோடு கூட்டிக்கொள்ளலாம். ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். துடியன் ஒரு நாளைக்கு மூன்று முறை கொடுக்கலாம். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கடைசி விதியைப் படித்த உடனே எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கூத்து ஜமாவில் அவர் பின்பாட்டுக்காரர். கோடை வந்தால் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். இரவு பத்து மணிக்குக் கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு ஏறும் வேடக்காரர் விடியும்வரை ஆட வேண்டும், பாட வேண்டும், வசனம் பேச வேண்டும். அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். பெரியப்பா தாளத்தோடு நிற்பார். வேடக்காரர் அடியைப் பாடி முடிக்க, கடைசிச் சீரைப் பின்பாட்டு ஏந்தித் திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில்தான் வேடக்காரருக்கு மூச்சு.

சின்ன வயதில் நான் அவர் காலடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சனம் எல்லாம் கர்ணனின் முகத்தைப் பார்க்கும். பெரியப்பா கர்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோள்பட்டை இரண்டும் மேலே ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். அடி முடியாவிட்டாலும் இவர் எடுத்துக்கொள்வார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த வரி மறந்துவிட்டது. தாளத்தை ஒரு சுற்று நீட்டி, முதல் சொல்லை மட்டும் மெதுவாகக் கொடுப்பார். ஒரு சொல் போதும், மீதி தானாக வரும். முழு வரியையும் கொடுத்தால் வேடக்காரருக்கு அவமானம் என்பார். விடிந்ததும் ஊரார் கர்ணனுக்குத்தான் நோட்டு மாலை போடுவார்கள். பெரியப்பா பக்கத்தில் நின்று கை தட்டுவார். அந்தச் சந்தோஷத்தில் பொய் கிடையாது. நான் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே துடியனை எப்படி ஆட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. சிக்கல் வேறிடத்தில் வந்தது. பகடையைக் கொடுப்பேன், வாங்கியவர் பாத்திரத் தாளின் ஓரத்தில் வைப்பார், அதன்மேல் இன்னொரு தாள் ஏறும், டீ டம்ளர் வரும், தேவையான நேரத்தில் அப்படியொன்று கையில் இருப்பதே நினைவுக்கு வராது. பிளாஸ்டிக் பகடைக்கு எடை இல்லை. ரோக் அக்கா ஒரு முறை பொறிக்கதவில் மாட்டி விழுந்து, அடுத்த ஞாயிறு தாளைப் பிரிக்கும்போது அந்தச் சிவப்புப் பகடை உருண்டு வந்தது.

டூல்ரூம் அண்ணன் இதற்கு ஒரு வழி செய்தார். சதுரப் பித்தளைக் கம்பியின் கழிவுத் துண்டை அனுமதி கேட்டு வாங்கி, ஒரு பகடை செய்துகொண்டு வந்தார். ஆறு முகமும் மில்லிங் செய்து, விளிம்புகளில் நைஸ் அரம் போட்டுப் பர் எடுத்திருந்தார். புள்ளிகள் சென்டர் டிரில்லில் போட்டவை. அதில் அவர் காட்டிய கவனத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறு புள்ளி போட்ட முகத்தில் உலோகம் அதிகம் போகும், எதிர்முகத்தில் ஒரே புள்ளி என்பதால் குறைவாகப் போகும். அப்படியே விட்டால் ஒரு பக்கம் கனக்கும். அதனால் ஆறு புள்ளிகளையும் ஆழமில்லாமல் தொட்டுவிட்டு, ஒற்றைப் புள்ளியை மட்டும் அகலமாகவும் ஆழமாகவும் இறக்கியிருந்தார். இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும் அதே கணக்கில். அந்த ஒற்றைப் புள்ளி ஒரு சின்னக் குழிபோல விரல்நுனியில் படும். உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சியாக, கனமாக உட்காரும். பின்னால் இன்னும் இரண்டு செய்து தந்தார், துடியனுக்கு நாளுக்கு மூன்று என்பதால்.

அன்றிலிருந்து நான் பகடையை மேசையில் வைப்பதில்லை. எழுந்துபோய் உள்ளங்கையில் வைத்து, ஒரு வார்த்தை சொல்வேன். அவரவர் மொழியில். தம்பியிடம் “ஹொடி மகா!” அக்காவிடம் “கானிவ்வு அக்கா.” அண்ணனிடம் பெரும்பாலும் எதுவும் சொல்லத் தேவைப்படாது, அவர் கையை நீட்டிக்கொண்டிருப்பார். கையில் கனம் இருந்தபின் யாரும் மறக்கவில்லை.

எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இந்தப் பாத்திரத்தின் முழு வித்தையும் இருக்கிறது. 2014 விதிப்படி, வாங்கியவர் தன் 20 முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்தபிறகு, பட்டதா இல்லையா என்று டிஎம் சொல்வதற்கு முன், கூடுதல் பகடையைச் செலவிடலாமா என்று முடிவு செய்யலாம். இதனால் அது வீணாவது குறைவு. ஒன்று குறைந்தால் உறுதியாக எட்டிவிடும். மூன்று குறைந்தால் ஆறில் நான்கு வாய்ப்பு. ஆறு குறைந்தால் ஆறில் ஒன்றுதான். அதற்கு மேல் குறைந்தால் தொடவே வேண்டாம், வைத்துக்கொள்ளலாம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஐம்பதுக்கு ஐம்பது என்று இருக்கும் ஒரு காரியத்தை இந்தச் சின்னப் பகடை 67.5 சதவீதத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆலையில் கழிவு ஒரு சதவீதம் குறைந்தாலே கொண்டாடுகிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிரோல் என்ற பூதத்தோடு நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வெட்டினால் வெட்டுப்பட்ட இடம் தானே கூடிவிடும் பிராணி அது. நெருப்போ அமிலமோ பட்டால்தான் அந்தச் சுற்றில் கூடாது. எங்களுடைய நிலைக்கு மீறிய எதிரி. முந்தைய சுற்றுகளில் 15 எண்ணுக்கு அடி பட்டது, 14-க்குப் படவில்லை. ஆகவே 15 தேவை என்று கணக்குப் போட்டுவிட்டோம். விசார்ட் தம்பி நெருப்பைத் தயாராக வைத்திருந்தான். அதற்குமுன் ஃபைட்டர் அதை விழத் தட்ட வேண்டும். அண்ணன் உருட்டினார், 7. அவருடைய 5-ஐயும் சேர்த்து 12. மூன்று குறைகிறது.

அவர் கையில் பித்தளை இருந்தது. உருட்டலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தார். அந்த நேரத்தில் பார்ட் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. கொடுத்தது கொடுத்ததுதான், எப்போது செலவிடுவது என்பது வாங்கியவரின் உரிமை. “இப்பப் போடுங்கண்ணா” என்று நான் சொல்லியிருந்தால் அது என் அடியாகிவிடும். அண்ணன் உருட்டினார். 5. பூதம் மண்டியிட்டது, தம்பியின் நெருப்பு போய் விழுந்தது. அறை அதிர்ந்ததில் கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் ஏறி வந்து என்னப்பா ஆச்சு என்று கேட்டார். அண்ணன் அவரிடம் தான் ஒரு பூதத்தைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் இருந்த பெருமிதம் என்னுடையதும்கூட.

போரில் பாட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பில் மில்லின் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேசப் படைகள் இறங்கியபோது, லோவட் பிரபுவின் கமாண்டோப் படையோடு பேக்பைப் வாசித்தபடி தண்ணீரில் நடந்தவர். கையில் துப்பாக்கி இல்லை. குண்டு பறக்கும் கரையில் மேலும் கீழும் நடந்து வாசித்தார். பக்கத்தில் ஓடியவர்கள் அந்தச் சத்தத்தைத் தங்கள் வாழ்நாள் முழுக்கப் பேசினார்கள்.

ஆனால் சத்தம் காதில் விழுந்தால்தானே? எங்கள் மேசையில் பெரிய விவாதம் இதைப் பற்றித்தான் நடந்தது. மலைக்கு அடியில் குள்ளர்களின் கொல்லுலை. தண்ணீரின் விசையில் ராட்சதச் சம்மட்டிகள் விழுந்துகொண்டிருக்கின்றன. அதற்குள் சண்டை. நான் கிளெரிக்குக்குப் பகடை கொடுக்கப் போனேன். டிஎம் நிறுத்தினார். “கேட்க முடிந்தவருக்குத்தான் என்று விதி. இந்த இரைச்சலில் உன் பாட்டு எப்படிக் கேட்கும்?”

பதில் சொன்னவர் கிளெரிக்காக ஆடிய பிரஸ் ஷாப் நண்பர், அதிகம் பேசாதவர். “நாங்க எட்டு மணி நேரம் காதுல பிளக்கோட நிக்கிறோம் சார். ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது. வேலை நடக்காமலா இருக்குது?” என்று சொல்லி எழுந்து நின்று காட்டினார். கையை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. விரலைக் குவித்து லேசாக ஆட்டினால் கிரேன் கொஞ்சமே கொஞ்சம் இறங்க வேண்டும். நெஞ்சைத் தட்டி எதிரில் இருப்பவரைக் காட்டினால் நான் பார்த்துக்கிறேன், நீ போ. இந்த மூன்றாவதைச் செய்துகாட்டும்போது அவர் முகம் மாறியது. ஷிப்ட் மாறும் நேரத்தில் களைத்துப்போனவனுக்கு அடுத்து வருகிறவன் காட்டுவது அது என்றார்.

டிஎம் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து துடியனின் கைச்சைகையும் செல்லும் என்று எங்கள் மேசைக்கு ஒரு விதி எழுதிக்கொண்டோம். பல வருடம் கழித்து 2024-இல் திருத்திய விதிப்புத்தகம் வந்தபோது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினேன். பார்க்கவோ கேட்கவோ முடிந்தவருக்குக் கொடுக்கலாம் என்று மாற்றியிருந்தார்கள். உடனே பிரஸ் ஷாப் நண்பருக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மாடி அறையில் இரைச்சலோடு வாழ்கிற ஒருவர் சொன்ன நியாயம் அது. அச்சில் வந்தபிறகு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அதே திருத்தத்தில் எனக்கு வருத்தம் தந்த மாற்றமும் உண்டு. பழைய பதிப்பில் இரண்டாம் நிலை பார்ட்டுக்கு ‘சாங் ஆஃப் ரெஸ்ட்’ என்று ஒன்று இருந்தது. சண்டை முடிந்து ஒரு மணி நேரமாவது எல்லோரும் உட்கார்ந்து காயத்தைக் கட்டிக்கொள்ளும்போது அவன் பாடினால், ஆறுகிறவர்களுக்கு இன்னும் ஒரு பகடை அளவு உயிர் கூடும். புதிய புத்தகத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. கணக்காகப் பார்த்தால் சின்ன உதவிதான், மேல்நிலைகளில் யாரும் பொருட்படுத்தாத எண்தான். ஆனால் எங்கள் மேசையில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ரோக் தன் ஊரைப் பற்றிச் சொன்னதும், விசார்ட் தன் குருவைத் தேடுவதாகச் சொன்னதும் துடியன் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான்.

புண்பட்டவன் பக்கத்தில் பாடுவது நம் மண்ணின் பழைய பழக்கமும்கூட. புறநானூற்றின் 281-ஆம் பாட்டு அதைக் காட்டுகிறது. பாடியவர் அரிசில் கிழார். போரில் காயப்பட்டு வந்த வீரனின் வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள்; யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன; வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை போடுகிறார்கள். அவனைக் காப்பதற்குத் தோழியை ஒருத்தி அழைக்கிறாள். இதே அரிசில் கிழார்தான் தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். தகடூர் இன்றைய தருமபுரி. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் பிரிந்தது அதிலிருந்துதான். அந்தப் போரையும் அந்தக் காயங்களையும் அறிந்த ஒருவர் எழுதியது என்று நினைத்துப் படிக்கும்போது, பாட்டு மருந்தாக இருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். இதை டிஎம்மிடம் சொன்னேன். விதிப்புத்தகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடியன் பாடலாம் என்றார்.

தகடூர் என்றதும் அதியமானும் ஔவையாரும் வந்துவிடுகிறார்கள். பார்ட் மூன்றாம் நிலைக்கு வந்ததும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எடுத்தது கல்விக் கல்லூரி, ‘காலேஜ் ஆஃப் லோர்’. அதில் ஒரு வலிமை, எதிரி ஓங்கும் நேரத்தில் ஒரு சொல்லை வீசி, தன் பகடையின் எண்ணை எதிரியின் எண்ணிலிருந்து கழிப்பது. நண்பனுக்குக் கூட்டுகிறவன் பகைவனுக்குக் குறைக்கவும் கற்கிறான். எதிரியின் காதில் அது விழ வேண்டும் என்பதும் விதி. இதை முதலில் படித்தபோது வெறும் வசை என்று நினைத்தார்கள் நண்பர்கள். நான் ஔவையைச் சொன்னேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். அவள் அந்த ஆயுதங்களைப் புகழ்கிறாள்: பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஓங்கிய கை தளர்வதற்கு அது போதும்.

அதற்குப்பின் துடியன் எதிரியைத் திட்டியதே கிடையாது. கொள்ளைக்கூட்டத் தலைவன் கோடரியை ஓங்கியபோது, “உங்க கோடரியில ஒரு கீறல்கூட இல்லையே தலைவரே, இப்பத்தான் கடையில வாங்கினீங்களா?” என்று மரியாதையோடு கேட்டேன். அண்ணன் பட்டறைக்காரர், மேசையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். பகடையில் 4 விழ, கோடரி அக்காவின் தலைக்கு மேலே போய்விட்டது.

இன்று அந்த அறை இல்லை. தம்பி புனேயில், டிஎம் சென்னையில், மற்றவர்கள் ஓசூரிலேயே. மாதத்தில் ஓரிரு ஞாயிறு வீடியோ அழைப்பில் கூடுகிறோம். பகடையைக் கையில் கொண்டுபோய் வைக்க முடியாத குறையைத் தவிர ஆட்டம் அதேதான். இப்போது பார்ட் நான் இல்லை. டூல்ரூம் அண்ணனின் மகள் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் எங்களோடு சேர்ந்தாள். எல்லாப் பாத்திரங்களையும் படித்துப் பார்த்துவிட்டுத் தானாகவே பார்ட்டைக் கேட்டாள். நான் ரேஞ்சர் எடுத்துக்கொண்டு வில்லோடு பின்னால் நிற்கிறேன். புதுப்புத்தகத்தின் விதிகள்: கொடுத்த பகடை ஒரு மணி நேரம் நிற்கும், வாங்கியவர் தோற்றபிறகு உருட்டித் தோல்வியை வெற்றியாக்கப் பார்க்கலாம்.

முதல் சண்டையில் அவள் என்னிடம் கேட்டாள், “சித்தப்பா, யாருக்குக் கொடுக்கறது? அப்பாவுக்கா?”

அடிக்கிறவரை மட்டும் பார்க்காதே, யார் தடுமாறினால் எல்லோருக்கும் நஷ்டம் என்று பார் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை. திரையில் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவர் தாளாகப் பார்ப்பது தெரிந்தது. கிளெரிக் அப்போது ‘பிளெஸ்’ என்ற மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கவனம் கலையாதவரை அண்ணனுக்கும் அக்காவுக்கும் எனக்கும் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு நாலுமுகப் பகடை கூடும். அவரைத் தாக்கிக் கவனத்தைக் கலைத்துவிட்டால் மூவரும் ஒரே நேரத்தில் இழப்போம்.

“பிரஸ் ஷாப் மாமாவுக்குக் கொடுக்கறேன்” என்றாள். நெஞ்சைத் தட்டிக் காமிராவை நோக்கி விரலை நீட்டினாள். அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த முறையே ஒரு காட்டுமிராண்டியின் தடி கிளெரிக்கின் விலாவில் இறங்கியது. கவனத்தைக் காக்க 10 வேண்டும். அவர் உருட்டியது 6, கூட்டினால் 8. அவள் கொடுத்ததை உருட்டினார்: 4. மந்திரம் கலையவில்லை. அண்ணன் தன் முறைக்கு இரண்டு பகடைகளைக் கையில் எடுத்தார். அவள் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, “இன்னும் ரெண்டு இருக்கு” என்று டிஎம்மிடம் சொன்னாள்.